சுண்ணாம்புக் கோடு

சத்திரத்துச் சாலை - வரலாற்றுத் தொடர் - பகுதி 14

சென்ற பகுதியில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் நின்றிருந்தோம். இருட்டு விலகுமுன்னே வெண்டையும் கத்தரியும் பல்லாரியும் மூட்டை மூட்டையாக ஏறி, தென்காசி வழியாகக் கேரளத்துக்குப் புறப்படுவதைப் பார்த்தோம். இந்த முறை சந்தையை விட்டு வெளியே வந்து, கீழப்பாவூர் பக்கம் ஒரு குளக்கரையில் ஏறுவோம். கரை நெடுகப் பனை. மேற்கே குற்றாலத்து மலை நீலமாகத் தெரிகிறது. சாரல் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பாளை சுரக்கும் காலம் இது.

நான் போனபோது அந்தப் பெரியவர் முதல் மரத்தடியில் குந்தியிருந்தார். அறுபதைத் தாண்டிய உடம்பு. நெஞ்சில், மரம் உரசி உரசி ஏறிய காய்ப்பு. இடுப்பில் அரிவாள் பெட்டி. பக்கத்தில் மண்கலயங்கள்.

“இன்னைக்கு எத்தன மரம் அண்ணாச்சி?”

“முன்னால முப்பது ஏறுனேன் தம்பி. இப்பம் பத்துதான். முட்டு கேக்க மாட்டேங்கு.”

பேசிக்கொண்டே ஒரு நார்க்குச்சியைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கலயத்தின் உள்வயிற்றில் சுற்றித் தடவினார். அடியிலிருந்து கழுத்துவரை வெள்ளை ஏறியது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் பூச்சு மெலிந்திருந்ததோ என்னவோ, இன்னொரு தடவு தடவினார்.

“இத தடவுனா பதனி. தடவாட்டி கள்ளு. மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, கலயமும் ஒண்ணு. இந்தச் சுண்ணாம்புதான் தம்பி சட்டத்துக்கும் எனக்கும் நடுவுல.”

தென் தமிழ்நாட்டு மதுவின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. எந்த அரசு வந்தாலும், என்ன சட்டம் போட்டாலும், அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் எந்தப் பக்கம் பனையேறி நிற்கலாம் என்பதைத்தான் அது தீர்மானித்தது. இந்தப் பகுதி அந்தக் கோட்டின் கதை.

பாளைக்குள் நடப்பது

ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பதனி இறங்கும். ஆண்பனையின் பாளையில் விரல் விரலாக அலகுகள் இருக்கும். அவற்றைக் கடிப்பு என்ற மரக்கருவியால் நாள் விட்டு நாள் இதமாக நசுக்கி, சேர்த்துக் கட்டி, நுனியைச் சீவ வேண்டும். அவசரப்பட்டால் பாளை வாடிவிடும். கை பழகியவருக்கே மரம் கசியும். கசியத் தொடங்கியபின் காலையும் மாலையும் ஏறி, மெல்லிய சீவல் ஒன்று எடுத்துவிட வேண்டும். ஒருநாள் தப்பினாலும் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். அதனால் பனையேறிக்குப் பருவம் முழுவதும் விடுமுறை கிடையாது. நல்லது கெட்டது எதுவானாலும் மரத்தில் ஏறி இறங்கிவிட்டுத்தான் போக முடியும்.

முருக்குத்தடி சாத்தி, காலில் தளைநார் மாட்டி, அறுபது எழுபது அடி உயரம். ஒரு மரத்துக்கு இரண்டு முறை, முப்பது மரத்துக்கு அறுபது முறை. கூட்டிப் பார்த்தால் நாள்தோறும் குற்றாலத்து மலையளவு ஏறி இறங்கியிருப்பார் மனிதர்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புநீர். நூற்றில் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் பாளையின் வெட்டுவாயிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அதில் விழுந்த உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரை கட்டும். மாலைக்குள் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து சேர்ந்துவிடும். மறுநாள் புளிக்கும். அதற்கும் மேல் விட்டால் காடி. சுண்ணாம்பு இந்த ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்துகிறது. காரம் ஏறிய நீரில் ஈஸ்ட் பெருகாது. இனிப்பு இனிப்பாகவே நிற்கும்.

இந்த வேதியியலிலிருந்து ஒரு சமூக உண்மை பிறக்கிறது. கள்ளைச் சேமிக்க முடியாது, தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. இறக்கிய இடத்தில், இறக்கிய நாளில் குடித்தாக வேண்டும். அதனால் கள் எப்போதும் ஊர்க்குடி. குடிப்பவருக்கு இறக்கியவர் யாரென்று தெரியும். கலப்படம் செய்தால் மறுநாள் முகத்தில் விழிக்க வேண்டும்.

யவனர் கொண்டுவந்த சாடி

இந்த ஊர்க்குடிக்கு நம்மிடம் மிகப் பழைய சொற்கள் உண்டு. கள், நறவு, மட்டு, தேறல், தோப்பி. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியது. தேறல் தெளிந்தது. மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் தேனை ஊற்றி முதிரவைத்த தேறலைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், சிறிதளவே கள் கிடைத்தால் அவன் என்ன செய்வான், நிறையக் கிடைத்தால் என்ன செய்வான் என்பதே நட்பின் அளவுகோலாக வருகிறது. அதே மண்ணில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே வகுத்தார். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் அது. கொண்டாட்டமும் கண்டிப்பும் ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இதுதான் தமிழர் மரபு என்று சொல்வது பாதி உண்மை.

வெளிநாட்டு மதுவும் நமக்குப் புதிதன்று. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மது, பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கிண்ணத்தில் வழங்கப்பட்டதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் காட்டுகிறார். 1945ல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது அந்தக் கலங்களின் உடைந்த துண்டுகள் மண்ணிலிருந்து வந்தன. இரண்டு கைப்பிடியும் கூர்ந்த அடியும் கொண்ட மதுச்சாடிகள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவற்றில் பலவற்றைக் கோஸ் தீவின் சாடி வகை என்று அடையாளம் கண்டார்கள்.

கோஸ் இன்று கிரேக்கத் தீவு. ஆனால் அதன் கரையில் நின்றால் எதிரே கண்ணுக்குத் தெரிவது துருக்கி. திராட்சைக் கொடி படர்ந்த அந்தக் கடற்கரைகளின் மது, பருவக்காற்றில் மிதந்து தமிழ்க் கரைக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டாகிறது. பனைமரத்து நாட்டுக்கும் திராட்சைக்கொடி நாட்டுக்கும் அன்றே பழக்கம் உண்டு.

ஒரே சொல், இரண்டு மேசை

அந்தப் பழக்கத்தைப் பிற்காலத்தில் ஒரு சொல் புதுப்பித்தது. அரபு மொழியில் ‘அரக்’ என்றால் வியர்வை. கொதிக்கும் பானையின் மூடியில் ஆவி குளிர்ந்து துளித்துளியாக வியர்ப்பதைப் பார்த்து, வடித்தெடுத்த மதுவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வணிகர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு திசைக்கொன்றாகப் போனார்கள். சிரியாவிலும் லெபனானிலும் அது அரக். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்தது அரக்கு. வெள்ளைக்காரன் ஆவணங்களில் அராக். துருக்கியில் ரக்கி. நம் ஊரில் சாராயம் என்ற சொல் நிலைத்துவிட்டது. ஆனால் அரசாங்கத் தாள்களில் அராக் என்றே எழுதினார்கள்.

துருக்கியின் ரக்கியைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. நம்மிடம் என்ன இருந்தது, எது தொலைந்தது என்பது அந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும்.

திராட்சையை நொதிக்கவைத்து வடித்த சாராயத்தை, நம் சோம்புக்கு உறவான அனிஸ் விதையோடு சேர்த்துச் செம்புக் கொப்பரையில் இரண்டாம் முறை வடிப்பார்கள். அதுதான் ரக்கி. தனியே ஊற்றினால் நீர்போலத் தெளிவாக இருக்கும். தண்ணீர் விட்டதும் பால்போல வெளுத்துவிடும். சாராயத்தில் கரைந்திருந்த அனிஸ் எண்ணெய் தண்ணீர் பட்டதும் பிரிந்து மிதப்பதால் வரும் வெளுப்பு அது. துருக்கியர் அதைச் சிங்கப்பால் என்கிறார்கள்.

ஆனால் ரக்கியைவிட அதைச் சுற்றியுள்ள ஒழுங்கு பெரிது. வெள்ளைப் பாலாடைக்கட்டி, முலாம்பழத் துண்டு, கத்தரிக்காய்ப் பச்சடி, மீன் என்று சிறுசிறு தட்டுகள் முதலில் வரும். மெஸே என்று பெயர். ரக்கியில் தண்ணீர் கலந்து, ஒரு மிடறு குடித்தால் நாலு வாய் தின்று, நடுவே பேச்சும் பாட்டுமாக மாலை நகரும். தனியாகக் குடிப்பதும் வேகமாகக் குடிப்பதும் மரியாதைக் குறைவு. மேசையில் தள்ளாடுபவனை அடுத்த முறை அழைக்க மாட்டார்கள். முஸ்லிம் பேரரசான உஸ்மானிய ஆட்சியில் இந்த மதுக்கூடங்களைப் பெரும்பாலும் கிரேக்கரும் ஆர்மீனியரும் நடத்தினார்கள். சுல்தான் நான்காம் முராத் 1630களில் மதுவையும் புகையிலையையும் கடுமையாகத் தடைசெய்தார். மேசை வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிறகு திரும்பி வந்தது.

அங்கே இன்னொரு பானமும் உண்டு, போஸா. தினையை வேகவைத்துக் கூழாக்கி லேசாக நொதிக்கவைப்பது. சாராயச் சத்து மிகக் குறைவு. குளிர்காலத்தில் மேலே இலவங்கப்பட்டைப் பொடி தூவி, வறுத்த கொண்டைக்கடலையோடு குடும்பமாகக் குடிப்பார்கள். இஸ்தான்புல்லின் வெஃபா பகுதியில் 1876ல் தொடங்கிய போஸாக் கடை இன்றும் நடக்கிறது. குளக்கரையில் ஓலைப்பட்டை மடித்துப் பதனி குடித்து வளர்ந்த நமக்கு அந்தக் கடை அந்நியமாகத் தோன்றாது. ஊரே கூடிக் குடிக்கும் பானம் எல்லா நாட்டிலும் உண்டு.

நம் கள்ளுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. அவித்த மொச்சை, சுட்ட கருவாடு, காரமான சுண்டல் இல்லாமல் கலயம் காலியாகாது. சுடலைமாடன் கொடையில் சாமிக்குப் படைத்த பிறகுதான் மனிதன் வாயில் பட வேண்டும். வேலை முடிந்த பொழுதுக்குத்தான் கள், ஏர் கட்டும் வேளைக்கு அல்ல. யாரும் எழுதிவைக்காத இந்தக் கட்டுகளை ஊர்க் கண்ணும் வீட்டுப் பெண்களின் வாயும் காத்தன. எல்லா இடத்திலும் காத்தன என்று சொல்ல மாட்டேன். கள்ளுக்கடைக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தவனின் வீட்டில் உலை ஏறாத ராத்திரிகள் அன்றும் இருந்தன.

ஆப்காரி

ஆப்காரி என்பது பாரசீகச் சொல். மது வடிப்பதும் விற்பதும் அதன் மீதான வரியும் எல்லாம் அதற்குள் அடக்கம். 1886ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. ஊரோடு ஊராக இருந்த பாளை, அரசாங்கத்தின் கணக்கில் இறுக்கமாக ஏறியது. மரத்துக்கு மரம் வரி. கள் இறக்க உரிமம், விற்கும் கடைக்கு ஏலம். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்புக் கள், அதாவது பதனி. அதற்கு விதி வேறு. சுண்ணாம்பு இல்லையென்றால் மது, உரிமம் காட்டு. பெரியவர் சொன்ன கோடு அன்றுதான் சட்டப் புத்தகத்துக்குள் போனது.

ஏலம் என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். கடையைப் பெருந்தொகைக்கு எடுத்தவர் அந்தத் தொகையை மீட்டாக வேண்டும். அதற்கு ஊர் நிறையக் குடிக்க வேண்டும். இன்னொரு பக்கம், கள்ளைவிடச் சாராயம் அரசாங்கத்துக்கு வசதியானது. கள் ஆயிரக்கணக்கான மரங்களில் சிதறிக் கிடக்கிறது, ஒரே நாளில் புளிக்கிறது. சாராயமோ கெடாது. பீப்பாயில் அடைக்கலாம், அளக்கலாம், ரயிலில் ஏற்றலாம். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி சர்க்கரை ஆலையோடு வடிசாலையும் நடத்தியது. கரும்புப் பாகின் கழிவு அங்கே சாராயமானது. ஒரே வாசலில் நின்று வரி வாங்கிவிடலாம். மது, மரத்தடியிலிருந்து ஆலைக்குப் போகத் தொடங்கிய தருணம் அதுதான். அதன் பின் வந்த எல்லா மாற்றங்களும் அந்தத் திசையிலேயே நகர்ந்தன.

திருநெல்வேலிச் சீமையின் பனையேறிகளில் பெரும்பாலோர் கருப்பட்டிக்காகவே ஏறினார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தேரிக்காட்டிலிருந்து இந்தப் பக்கம்வரை சுண்ணாம்பு தடவிய கலயமே அதிகம். ஆனாலும் பனையேறி என்றாலே கள்ளிறக்குபவர் என்ற இழிவு ஒட்டிக்கொண்டது. 1910ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் சமூக முன்னேற்றத்துக்கான முதல் படிகளில் ஒன்றாகக் கள்ளிறக்குவதைக் கைவிடும்படி தன் மக்களைக் கேட்டது. மானத்தோடு வாழ நினைத்தவர்கள் அரிவாளை வைத்துவிட்டுக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். சாலையோரச் சிற்றூர்களில் மளிகைக் கடையும் தானியக் கடையும் பெருகிய கதையை இந்தத் தொடரின் ஒன்பதாம் பகுதியில் பார்த்திருக்கிறோம். அதன் மறுபக்கம் இது.

மறியலும் விலக்கும்

1921ல் ஒத்துழையாமை இயக்கம் கள்ளுக்கடை வாசலுக்கு வந்தது. ஈரோட்டில் பெரியார் மறியல் செய்து சிறை போனார். தம் தோப்பின் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைக்குப் போன பிறகு மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். பெண்கள் வாசலில் நின்றதும் இயக்கத்தின் முகமே மாறியது. குடியின் கணக்கைக் கடைசியில் கட்டுபவர்கள் அவர்கள்தாம். 1925ல் ராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்தைத் தொடங்கி, மதுவிலக்கைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1929ல் அங்கிருந்து வந்த ‘விமோசனம்’ இதழ் முழுக்க மதுவிலக்குக்காகவே நடந்தது. அதில் பணியாற்றியவர் கல்கி.

1937ல் ராஜாஜி முதன்மை அமைச்சரானார். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு. மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு ஆப்காரியிலிருந்து வந்த காலம் அது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939ல் விற்பனை வரி வந்தது. இன்று மளிகைக்கடை ரசீதில் பார்க்கும் வரிக்கு மூதாதை, மூடிய கள்ளுக்கடைதான். 1943ல் போர்க்காலத்தில் விலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1946ல் மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதும் பரவியது. பாவூர்சத்திரத்துப் பாளைகளில் அன்றுமுதல் சுண்ணாம்புக் கலயம் மட்டுமே தொங்கலாம்.

துருக்கியும் இந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்தது. விடுதலைப் போரின் நடுவே, 1920 செப்டம்பர் 14ஆம் தேதி, அங்காராவில் கூடிய தேசிய மன்றம் மதுவிலக்குச் சட்டத்தை ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றியது. 1924ல் அதைத் தளர்த்தியது. 1926ல் மது அரசு ஏகபோகமானது. நான்கு ஆண்டு விலக்கு அங்கே மேசையைக் கலைக்கவில்லை. இங்கே விலக்கு 23 ஆண்டு நீடித்தது. ஒரு தலைமுறை, மது என்றால் இருட்டில், ஓடையோரத்தில், அவசரமாக விழுங்குவது என்று கற்றுக்கொண்டது. வேலம்பட்டையும் வெல்லமும் போட்ட ஊறலை மண்ணில் புதைத்துக் காய்ச்சிய சாராயத்துக்குச் சுண்டலும் இல்லை, பேச்சும் இல்லை. பிடிபடுமுன் குடித்து முடிக்க வேண்டும் என்ற ஒரே ஒழுங்குதான் இருந்தது.

வேலையிழந்த பனையேறிகளுக்கு ஒரு வழியைக் காந்தியவாதிகள் காட்டினார்கள். கரும்புக்கு நன்செய் நிலமும் தண்ணீரும் வேண்டும், பனைக்கு இரண்டும் வேண்டாம், எனவே நாட்டின் சர்க்கரையைப் பனையிலிருந்து எடுப்போம் என்று ஜே. சி. குமரப்பா எழுதியும் பேசியும் வந்தார். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. எண்ணம் உயர்ந்தது. ஆனால் ஆலைச் சீனி மலிவாக வந்து கருப்பட்டியைப் பின்தள்ளியது. கருப்பட்டி காய்ச்சப் பதனியை மணிக்கணக்கில் அடுப்பில் நின்று கிண்ட வேண்டும். அந்த உழைப்பைச் செய்தவர்கள் பனையேறியின் மனைவியும் மக்களும். கூலி என்று எதுவும் அவர்கள் கணக்கில் எழுதப்படவில்லை.

கள் மட்டும் மூடிய கதவு

1971 ஆகஸ்டு இறுதியில் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன. 1973ல் கள்ளுக்கடைகளும் 1974ல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மறுபடி மூடப்பட்டன. இடையில் மலிவு விலை மது வந்தது, 1991ல் போனது. 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே ஒப்படைத்தது. அதற்கடுத்த ஆண்டு, 2004ல், துருக்கி தன் அரசு மது ஆலைகளைத் தனியாருக்கு விற்றது. அவர்கள் விட்ட இடத்தை நாம் பிடித்துக்கொண்டதுபோல இருக்கிறது.

இத்தனை திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே ஒன்றைக் கவனியுங்கள். 1987க்குப் பிறகு கள் திரும்பவே இல்லை. கழிவுப்பாகிலிருந்து ஆலையில் வடித்து, நிறமும் மணமும் சேர்த்த புட்டி நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் சாராயச் சத்தோடு அரசுக் கடையில் கிடைக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு சத்துள்ள கள்ளை இறக்கினால் வழக்கு. 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். மரத்தில் சிதறிக் கிடக்கும் கள்ளால் அப்படியொரு தொகையை ஒரே வாசலில் சேர்க்க முடியாது. 1886ல் தொடங்கிய பயணம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

கள்ளைத் திற என்பவர்கள் அதை உணவு என்கிறார்கள். கள் இயக்கத்தின் செ. நல்லசாமி இதைப் பல்லாண்டாகச் சொல்லிவருகிறார். எந்தக் குடியும் வேண்டாம் என்பவர்களின் வலியும் உண்மையானது. 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் பள்ளிக்கு அருகே இருந்த மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இந்தச் சாவுகளை மறந்துவிட்டுக் கள்ளின் பெருமையை மட்டும் பாட எனக்கு மனம் வராது. வாழ்நாளெல்லாம் மரமேறிய மனிதரைக் குற்றவாளியாக்கிவிட்டுப் புட்டியை மட்டும் விற்கும் ஏற்பாட்டை நியாயம் என்று ஒப்புக்கொள்ளவும் வராது.

பாவூர்சத்திரம் வழியாகப் போகும் இந்தச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு. பாவூர்சத்திரத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே கேரளத்துக் கள்ளுக்கடைகளில் பகலிலேயே கப்பையும் மீன்கறியும் மணக்கும். உரிமம் உண்டு, தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. கேரளம் 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடைசெய்தது, கள்ளை விட்டுவைத்தது. நாம் கள்ளை மூடி, புட்டியை விட்டுவைத்தோம். 1956 நவம்பர்வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை நகர்ந்தது, கணவாய்க் காற்று அப்படியே வீசுகிறது. ஒரே காற்று அசைக்கும் இரு பக்கத்துப் பாளைகளுக்கும் இரண்டு நியாயம்.

இறங்கி வந்தவர்

பெரியவர் கலயத்தோடு இறங்கினார். ஓலையைக் கிழித்து, மடித்து, நாரால் கட்டிப் பட்டை செய்து என் கையில் பிடிக்கச் சொன்னார். துணியில் வடிகட்டிப் பதனியை ஊற்றினார். குளிர்ந்த இனிப்பு, நாக்கின் ஓரத்தில் மெல்லிய சுண்ணாம்பு வாசம்.

“ஒங்களுக்கு அப்புறம் யாரு அண்ணாச்சி ஏறுவா?”

“மவன் திருப்பூர்ல இருக்கான். பனியன் கம்பெனி. அவன ஏறுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

கரையில் நின்ற மரங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. அவர் ஏறுவது பத்து. மற்ற முப்பத்தொரு மரத்துப் பாளைகள் வெயிலில் தானாகக் காய்ந்து தொங்கின. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்தது. மரத்தைக் காக்க ஆணை இருக்கிறது. ஏறுகிற மனிதரைக் காக்கும் ஆணையும் வேண்டும். அவர் இறக்குவதற்கு நியாயமான விலையும், தவறி விழுந்தால் குடும்பத்துக்கு ஆதரவும், காக்கிச் சட்டையைக் கண்டு கலயத்தை மறைக்க வேண்டாத மரியாதையும் வேண்டும். பதனியா கள்ளா என்ற விவாதம் அதன் பிறகு நடக்கட்டும். அரிவாள் பிடிக்கும் கை அற்றுப்போன ஊரில் அந்த விவாதத்துக்கு வேலையே இருக்காது.

அவர் அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டார். நார்க்குச்சி மறுபடியும் சுண்ணாம்பில் தோய்ந்தது.

*(அடுத்த பகுதியில்: அதே பதனி அடுப்பேறிக் கருப்பட்டியாகும் கதை. கிண்டிய கைகளின் வரலாறு.)*